பிலோடென்ட்ரான் குளோரியோசம்: மண்மேல் ஊரும் அரிய செடியை வளர்க்க முழுமையான வழிகாட்டி

பிலோடென்ட்ரான் என்பது இரண்டு கிரேக்கச் சொற்கள் சேர்ந்த பெயர். மரத்தை விரும்புவது என்பது அதன் பொருள். ஐந்நூறு இனங்களுக்கு மேல் கொண்ட இந்தப் பேரினத்தில் பெரும்பாலானவை பெயருக்கு ஏற்றவாறு மரத்தைப் பற்றிக்கொண்டு மேலேறுகின்றன. அவ்வாறு ஏறாத சில இனங்களுள் ஒன்று குளோரியோசம். அதன் தண்டு காட்டுத் தரையில் படுத்து, மக்கிய இலைகளின் மேல் ஊர்ந்து, முன்நுனியில் ஓர் இலையை விரித்துப் பின்னால் ஓர் இலையை உதிர்த்தபடி மெல்ல மெல்ல இடம்பெயர்ந்துகொண்டே இருக்கிறது. இந்த ஒரு குணத்தை மனத்தில் வாங்கிக்கொண்டால் தொட்டியின் வடிவம், கலவை, நீரூற்றும் முறை, கன்று பிரிக்கும் இடம் ஆகிய எல்லாவற்றுக்கும் காரணம் விளங்கிவிடும். இந்த வழிகாட்டி முழுவதும் அந்தத் தண்டைச் சுற்றியே எழுதப்பட்டிருக்கிறது.

நான் வாங்கிய முதல் செடியை மஞ்சள் கிழங்கைப் புதைப்பது போலத் தண்டு மறையும்படி மண்ணில் புதைத்தேன். இஞ்சியும் மஞ்சளும் நட்டுப் பழகிய கைக்கு அதுவே இயல்பாகத் தோன்றியது. ஐப்பசி மழை தொடங்கிய இரண்டாம் வாரத்தில் இலைக்காம்புகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. தோண்டிப் பார்த்தபோது தண்டு முழுவதும் குழைந்து நாற்றமெடுத்திருந்தது. ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பகுதியைக் கொடுத்து வாங்கிய செடி அது. அந்த இழப்பு இன்னொருவருக்கு நேர வேண்டாம் என்பதற்காகத்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

செடியின் இயல்பும் தாயகமும்

குளோரியோசத்தின் தாயகம் தென் அமெரிக்காவின் கொலம்பியா. அந்நாட்டின் ஈரம் மிகுந்த மழைக்காடுகளில், பெருமரங்களின் நிழலில் இது தரையோடு தரையாக வாழ்கிறது. 1875, 1876ஆம் ஆண்டுகளில் ஆண்டிஸ் மலைப்பகுதிகளில் பயணம் செய்த பிரெஞ்சுத் தாவர ஆய்வாளர் எத்துவார் ஆந்த்ரே 1876இல் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். பூங்கொத்துக் கடைகளில் நாம் காணும் சிவப்பு ஆந்தூரியத்தின் அறிவியல் பெயரான ஆந்தூரியம் ஆந்த்ரேயானம் என்பதும் அவர் நினைவாக வைக்கப்பட்டதே. குளோரியோசம் என்றால் புகழ் மிக்கது என்று பொருள். நம் மாநில மலரான செங்காந்தளின் பெயரான குளோரியோசா சுப்பர்பாவிலும் அதே லத்தீன் வேர்ச்சொல்தான் இருக்கிறது.

இது சேம்புக் குடும்பத்துச் செடி. சேம்பு, சேனை, கருணைக்கிழங்கு, குளத்தில் மிதக்கும் ஆகாயத்தாமரை எல்லாம் இதற்கு உறவு. காறுகிற கருணையைப் புளி சேர்த்து வேகவைக்கும் நம் வீட்டாருக்கு இந்தக் குடும்பத்தின் அரிப்பைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்களே அதற்குக் காரணம். அவை குளோரியோசத்தின் தண்டிலும் இலையிலும் உண்டு. தண்டை வெட்டும்போது கையுறை அணிந்துகொள்ளுங்கள். தவழும் குழந்தையோ, இலையைக் கடிக்கும் நாயோ பூனையோ இருக்கும் வீட்டில் செடியை அவற்றுக்கு எட்டாத இடத்தில் வைப்பது கட்டாயம்.

இலை இதய வடிவில், அடர்ந்த பச்சை நிறத்தில், வெள்ளையோ இளஞ்சிவப்பு கலந்த வெள்ளையோ ஆன நரம்புகளோடு இருக்கும். இளஞ்செடியின் இலை ஒரு சாண்கூட இராது. நன்கு முதிர்ந்த செடியில் அது முக்கால் மீட்டரைத் தாண்டும். தொட்டியில் 30 முதல் 45 சென்டிமீட்டர் இலை வந்தாலே நல்ல வளர்ப்பு என்று சொல்லலாம். தொட்டால் வெல்வெட்டுத் துணி போல இருப்பது மயிரால் அல்ல. இலையின் மேல்தோலில் உள்ள செல்கள் தட்டையாக இல்லாமல் சிறு சிறு கூம்புகளாகப் புடைத்திருக்கின்றன. காட்டுத் தரைக்கு எட்டும் சொற்ப ஒளியைப் பல கோணங்களிலிருந்தும் உள்வாங்க இவ்வமைப்பு உதவுகிறது. குறைந்த ஒளிக்கென்றே அமைந்த இலை வெயிலில் கருகும் என்பதையும், கூம்புகள் நிறைந்த பரப்பை எண்ணெயிட்டு மெருகேற்றினால் அந்த மினுமினுப்பு கெடும் என்பதையும் இதிலிருந்தே அறியலாம்.

முதல் படி: சரியான செடியைத் தேர்ந்தெடுத்தல்

சில ஆண்டுகளுக்கு முன்பு வரை இந்தச் செடி கிடைப்பதே அரிது. திசுவளர்ப்பு ஆய்வகங்கள் பெருமளவில் உற்பத்தி செய்யத் தொடங்கிய பிறகு விலை வெகுவாக இறங்கிவிட்டது. அதனால் காட்டிலிருந்து பிடுங்கி வந்த செடியை இன்று யாரும் வாங்க வேண்டிய தேவையில்லை. மெல்ல வளரும் ஓர் இனத்தை அதன் காட்டிலிருந்து அகற்றினால் அந்த இடம் மீள நெடுங்காலம் ஆகும். வெளிநாட்டிலிருந்து நேரடியாக வரவழைக்க விரும்புவோர் 2003ஆம் ஆண்டின் தாவர இறக்குமதி ஆணைப்படி இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் பெற்றாக வேண்டும். அவை இல்லாமல் வரும் பொட்டலத்தோடு நோயும் பூச்சியும் வந்து சேரக்கூடும்.

இதே தோற்றத்தில் வேறு செடிகளும் விற்கப்படுகின்றன. குளோரியோசமும் மெலனோகிரைசம் என்ற மற்றொரு பிலோடென்ட்ரான் இனமும் கலந்து பிறந்த ‘குளோரியஸ்’ என்ற கலப்பினத்தின் இலை அகலத்தைவிட நீளம் மிகுந்திருக்கும், தண்டும் நிமிர்ந்து ஏறும். ஈக்குவடாரின் பாஸ்டசானம் என்ற இனமும் தரையில் ஊர்வதுதான். ஆனால் அதன் இலை வெல்வெட்டாக இல்லாமல் பளபளக்கும். மாமேய் என்ற மற்றோர் ஊரும் இனத்தின் இலையில் வெள்ளி தெளித்தது போன்ற புள்ளிகள் காணப்படும். படத்தை மட்டும் பார்த்து வாங்குவதைத் தவிர்த்துத் தண்டின் படத்தையும் கேட்டு வாங்குங்கள். தண்டு படுத்திருக்க வேண்டும். அதன் முன்நுனியில் உறை மூடிய மொட்டு உறுதியாக இருக்க வேண்டும். இலை எத்தனை என்பதைவிட அந்த நுனி உயிரோடு இருக்கிறதா என்பதுதான் முக்கியம். பெரிய இலை ஒன்றோடு நுனி அழுகிய செடியைவிட, சிறிய இலை இரண்டோடு நுனி பருத்த செடி பல மடங்கு மேலானது.

கூரியரில் வந்த செடி ஓர் இலையை இழப்பது வழக்கம், அஞ்ச வேண்டாம். வேரை அறை வெப்ப நீரில் கழுவி, கறுத்துக் குழைந்த வேர்களை வெட்டி நீக்கி நட்டபின், நிழலில் தளர்வான பிளாஸ்டிக் உறையால் மூடி வைத்து, பத்துப் பதினைந்து நாள்களில் உறையைச் சிறிது சிறிதாகத் திறந்து பழக்குங்கள். முதல் புதிய இலை வரும் வரை உரம் எதுவும் கூடாது.

இரண்டாம் படி: தொட்டி

வட்டத் தொட்டி இந்தச் செடிக்குப் பொருந்தாது. தண்டு ஒரு திசையில் ஊர்வதால், வட்டத் தொட்டியின் நடுவில் நட்டால் சில மாதங்களில் நுனி விளிம்பை முட்டிவிடும். பின்பக்கத்துக் கலவையோ வேரில்லாமல் ஈரம் தேங்கிப் புளித்துக் கிடக்கும். சுமார் 60 சென்டிமீட்டர் நீளமும் 20 முதல் 25 சென்டிமீட்டர் அகலமும் உள்ள நீள்சதுரத் தொட்டியே ஏற்றது. ஆழம் 15 சென்டிமீட்டர் போதும், ஏனெனில் வேர்கள் தண்டின் அடிப்புறத்திலிருந்து பரந்து செல்பவையே அன்றிக் கீழே துளைத்துச் செல்பவை அல்ல. கீழ்ப்புறம் பத்துப் பன்னிரண்டு துளைகளாவது இருக்க வேண்டும். கடலோர ஊர்களில் சுட்ட மண் தொட்டி நன்று, ஈரம் விரைவில் உலரும். மதுரை, திருச்சி போன்ற வறண்ட ஊர்களில் அதே காரணத்தால் பிளாஸ்டிக் தொட்டியே மேல்.

சிறு கன்றாக இருந்தால் உடனே பெரிய தொட்டிக்குப் போக வேண்டாம். முதல் ஓராண்டு தயிர் டப்பா அளவுள்ள நீள்வடிவப் பெட்டியே போதுமானது.

மூன்றாம் படி: கலவை

காட்டில் இதன் வேர் பதிந்திருப்பது மக்கிய இலைகள், குச்சிகள், சிதைந்த மரத்துண்டுகள் ஆகியவற்றின் மேல் அடுக்கில். அந்த அடுக்கு எப்போதும் நனைந்தே இருக்கும். ஆனாலும் காற்றோட்டம் குறையாது. நம் செம்மண்ணும் வண்டலும் அப்படிப்பட்டவை அல்ல, நனைந்ததும் இறுகிவிடுகின்றன. ஆகவே தோட்டமண்ணை முற்றிலும் விலக்கிவிடுங்கள்.

நல்வாய்ப்பாக, இந்தச் செடிக்கு மிகப் பொருத்தமான பொருள் நம் ஊர்த் தென்னையிலேயே கிடைக்கிறது. நான் பயன்படுத்தும் அளவு இது: ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள தேங்காய் மட்டைத் துண்டுகள் நான்கு பங்கு, கழுவிய தென்னை நார்த்தூள் இரண்டு பங்கு, பெர்லைட் (சூட்டில் பொரித்த எரிமலைப் பாறைத் துகள்) இரண்டு பங்கு, உடைத்த அடுப்புக்கரி ஒரு பங்கு, சலித்த மண்புழு உரம் ஒரு பங்கு. பெர்லைட் கிடைக்காத இடத்தில், செங்கல்லைப் பட்டாணி அளவுக்கு உடைத்துத் தூளைச் சலித்து நீக்கிவிட்டுச் சேர்க்கலாம். கலவையைக் கையில் அள்ளி நீரூற்றினால் விரலிடுக்கில் உடனே ஒழுகிவிட வேண்டும், பிசைந்தால் உருண்டையாகக் கூடாது.

தென்னைப் பொருள்களில் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. பலர் அதைத் தவறவிடுகிறார்கள். தேங்காய் மட்டையில் சோடியமும் பொட்டாசியமும் உப்பாகத் தங்கியிருக்கின்றன, உவர்நீரில் ஊறவைத்த மட்டையில் இன்னும் மிகுதி. கழுவாமல் பயன்படுத்தினால் இலை விளிம்பு பழுப்பாகக் காயும். ஆகவே நார்த்தூள் கட்டியை ஒரு நாள் நீரில் ஊறவைத்து, பிழிந்து, மூன்று முறையாவது நீர் மாற்றிக் கழுவ வேண்டும். வெறும் நீரில் கழுவுவது தளர்வாக உள்ள உப்பை மட்டுமே நீக்கும். நாரோடு ஒட்டிக்கொண்ட சோடியத்தை வெளியேற்ற அதன் இடத்தில் கால்சியத்தை அமர்த்த வேண்டும். லிட்டருக்கு 3 முதல் 5 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்த நீரில் ஒரு நாள் ஊறவைத்து, பின்பு நன்னீரில் ஒருமுறை அலசினால் இந்த வேலை முடிந்துவிடும். இதைச் செய்யாவிட்டால் நாம் பின்னர் கொடுக்கும் கால்சியத்தையும் அந்த நார் பிடித்து வைத்துக்கொள்ளும். புதிய இலைகள் உருக்குலைந்து வெளிவரும்.

நான்காம் படி: நடுதல்

தொட்டியை முக்கால் பங்கு கலவையால் நிரப்புங்கள். தண்டின் பின்முனை தொட்டியின் ஒரு குறுகிய விளிம்பைத் தொட்டும், வளரும் நுனி எதிர் விளிம்பை நோக்கியும் இருக்குமாறு கிடத்துங்கள். வேர்களை மட்டும் கலவைக்குள் பரப்பி மூடுங்கள். தண்டின் அடிப்புறம் கலவையில் பதிந்திருக்க, மேற்பாதி வெளிச்சத்திலும் காற்றிலும் தெரிய வேண்டும். நீரில் பாதி மூழ்கிக் கிடக்கும் முதலையின் முதுகை நினைத்துக்கொண்டால் அளவு பிசகாது. செடி ஆடினால், மேலே கலவையைக் கொட்டி நிறுத்தப் பார்க்காமல், வளைத்த கம்பி இரண்டைத் தண்டின் மேல் கவ்வுபோலக் குத்தி நிறுத்துங்கள். ஓரிரு மாதத்தில் புது வேர் பிடித்ததும் கம்பியை எடுத்துவிடலாம்.

ஐந்தாம் படி: ஒளி

கொலம்பியா நிலநடுக்கோட்டை ஒட்டிய நாடு; அங்கே ஆண்டு முழுவதும் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம். தமிழ்நாடும் 8 முதல் 13 பாகை வரையுள்ள வடக்கு அகலக்கோடுகளில் அமைந்திருப்பதால் பகல் நீளத்தில் பெரிய வேறுபாடு இல்லை. குளிர்நாட்டவர் குளிர்காலத்தில் படும் ஒளிப்பஞ்சம் நமக்கு இல்லை. நம் கவலை ஒளியைக் குறைப்பதுதான். உச்சிவெயில் ஒரு லட்சம் லக்ஸ் (ஒளியை அளக்கும் அலகு) அளவுக்கு இருக்கும். இந்தச் செடிக்கு 10,000 முதல் 15,000 லக்ஸ் போதும். கைபேசிச் செயலி கொண்டு தோராயமாக அளந்துகொள்ளலாம். 75 விழுக்காட்டு நிழல்வலைகூடக் கால் பங்கு வெயிலை உள்ளே விடுகிறது. எனவே மொட்டைமாடியில் வலைக்குக் கீழே, உயரமான மற்றச் செடிகளின் அடியில் இதற்கு இடம் கொடுங்கள். வீட்டுக்குள் என்றால் கிழக்குச் சன்னலிலிருந்து மூன்று நான்கு அடி தள்ளி வைப்பது நல்லது. காலை எட்டு மணிக்கு முந்தைய இளவெயில் சிறிது பட்டால் தீங்கில்லை. இலைக்காம்புகள் ஒல்லியாக நீண்டு, இலை சிறுத்துக்கொண்டே போனால் ஒளி போதவில்லை. நிறம் வெளுத்து மஞ்சளோடினால் ஒளி மிகுதி.

ஆறாம் படி: வெப்பமும் காற்றின் ஈரமும்

நம் ஊரில் இந்தச் செடியின் வாழ்வையும் சாவையும் பெரும்பாலும் தீர்மானிப்பது இதுதான். 20 முதல் 30 பாகை வெப்பமும் 70 விழுக்காட்டுக்குக் குறையாத காற்றீரமும் இருந்தால் செடி மகிழ்ச்சியாக வளரும். 35 பாகையைத் தாண்டினால் வளர்ச்சி நிற்கும். 15 பாகைக்குக் கீழே இறங்கினாலும் அப்படியே.

நாகர்கோவில், கன்னியாகுமரிப் பகுதியும், கொல்லிமலை, சிறுமலை போன்ற நடுத்தர உயர மலைகளும் இதற்கு இயல்பாகவே ஏற்றவை. சென்னையில் ஆண்டின் பெரும்பகுதி காற்றீரம் போதுமானது. ஆனால் கத்திரி வெயில் காலத்தில் முற்பகல் முழுவதும் மேற்கிலிருந்து வறண்ட காற்று வீசி, கடற்காற்று உள்ளே வரப் பிற்பகல் ஆகிவிடும். இலை விளிம்பு தீய்ந்துபோவது பெரும்பாலும் அந்தச் சில மணி நேரத்தில்தான். மாலையில் வீடு திரும்பிப் பார்ப்பவர் நீர் போதவில்லை என்று எண்ணிக் கூடுதலாக ஊற்றுகிறார். தீய்ந்த இலையோடு அழுகிய வேரும் சேர்ந்துகொள்கிறது. வேரில் நீர் இருந்தும் காற்று அதைவிட வேகமாக உறிஞ்சுகிறது என்பதே இங்கு உண்மையான சிக்கல், ஆகவே தீர்வைக் காற்றில்தான் தேட வேண்டும்.

சித்திரை பிறந்ததும் நான் தொட்டிகளைத் தரைத்தளத்தின் கிழக்கு மூலைக்கு இறக்கிவிடுவேன். மேற்குப் பக்கம் நனைத்த சாக்குத் திரையைத் தொங்கவிட்டு, தரையில் மணல் பரப்பிக் காலையிலும் நண்பகலிலும் நனைப்பேன். செடிகளை நெருக்கி வைத்தால் ஒன்று விடும் ஈரம் மற்றொன்றுக்கு உதவும். இலைமேல் நீர் தெளிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பத்து நிமிடத்தில் உலர்ந்துபோகும் அந்த ஈரத்தால் கிடைக்கும் நன்மையைவிட, கடின நீரின் உப்புக்கறை வெல்வெட்டில் நிலையாகத் தங்கிவிடும் தீமையே பெரிது. குளிரூட்டிய அறையில் வெப்பம் குறைந்தாலும் காற்று வறண்டுவிடுகிறது. அங்கே வைப்பதானால் கண்ணாடிப் பெட்டி அல்லது ஈரப்பதமூட்டி வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் நிலைமை தலைகீழ். காற்றீரம் மிகுந்து, ஒளி குறைந்து, கலவை உலராமலே இருக்கும். அக்டோபர் தொடங்கும் முன்பே தொட்டியை நேரடி மழை படாத இடத்துக்கு நகர்த்தி, ஒரு சிறு மின்விசிறியால் மென்காற்று படச் செய்யுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் வீட்டுக்குள்தான். கிழிந்த இலை ஒட்டாது, அதன் இடத்தை நிரப்ப மாதங்கள் ஆகும்.

ஏழாம் படி: நீர்

கிழமைக் கணக்கில் நீரூற்ற வேண்டாம். விரலைக் கலவைக்குள் இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள். மேல் ஓர் அங்குலம் உலர்ந்து, அதன் கீழே ஈரம் மெல்லத் தட்டுப்பட்டால் ஊற்றலாம். கோடையில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறையாகவும், மழைக்காலத்தில் பத்து நாளுக்கு ஒருமுறையாகவும் இது அமையக்கூடும். ஊற்றும்போது தண்டின் இரு பக்கத்துக் கலவையிலும் சுற்றி ஊற்றி, அடித்துளைகளில் நீர் வெளியேறும் வரை நனைக்க வேண்டும். வளரும் நுனியின் உறைக்குள் நீர் தேங்க விடாதீர்கள். காலையே ஏற்ற வேளை.

மழைநீரைப் போல இதற்கு ஒத்துப்போகும் நீர் வேறில்லை. மொட்டைமாடியிலிருந்து இறங்கும் மழைநீரில் முதல் மழையை விட்டுவிட்டு, பின்வருவதை மூடிய பீப்பாயில் பிடித்து வையுங்கள். கொசு புகாமல் துணி கட்டுவது அவசியம். ஆழ்துளைக் கிணற்று நீர் மட்டுமே உள்ளவர்கள், கலவையின் மேல் வெள்ளைப் பூச்சுப் படிவதைக் கண்டால், மாதம் ஒருமுறை தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு நல்ல நீரை ஊற்றி உப்பைக் கழுவி வெளியேற்றுங்கள். வீட்டுச் சுத்திகரிப்புக் கருவி வெளியேற்றும் கழிவுநீரை ஒருபோதும் ஊற்றாதீர்கள், அதில் உப்பு இன்னும் செறிந்திருக்கும்.

எட்டாம் படி: உரம்

மெல்ல வளரும் செடிக்கு மெல்லிய உணவே போதும். தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள, நீரில் கரையும் 19:19:19 உரத்தை லிட்டருக்கு அரைக் கிராம் கரைத்து, வளரும் மாதங்களில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஊற்றுங்கள். இடையில் வரும் ஒரு முறை அதற்குப் பதிலாகக் கால்சியம் நைட்ரேட்டை அதே அளவில் கொடுங்கள். இரண்டையும் ஒரே வாளியில் செறிவாகக் கலந்தால் பாஸ்பேட்டும் கால்சியமும் சேர்ந்து வெண்மையாக அடியில் படிந்துவிடும். செடிக்கு இரண்டுமே கிடைக்காது. கத்திரி வெயிலிலும் அடைமழையிலும் உரத்தை நிறுத்திவிடுங்கள்.

புதிய இலை விரியும் நாள்கள்

நுனியில் உள்ள உறை பருத்து, அதைப் பிளந்துகொண்டு சுருட்டிய இலை எழும்போது விளிம்பில் செந்நிறக் கோடு ஓடும். விரிந்து முதிர மூன்று நான்கு வாரம் ஆகும். அந்த நாள்களில் இலை ஈரத்துணியைப் போல மென்மையாக இருக்கும். விரல் பட்ட இடம் பின்னர் தழும்பாகத் தெரியும். விருந்தினர் தொட்டுப் பார்க்க ஆசைப்பட்டால் பழைய இலையைக் காட்டுங்கள். காய்ந்துவரும் உறையை உரிக்கவும் வேண்டாம், அது தானாகக் காகிதம்போல உலர்ந்து விழும். ஆனால் மழைக்காலத்தில் அந்த உறை நனைந்து குழையத் தொடங்கினால் மட்டும் மெதுவாக அகற்றிவிடுங்கள், அழுகல் அங்கிருந்து தண்டுக்குத் தாவும். ஆண்டுக்கு ஐந்தாறு இலை வந்தால் செடி நன்றாகவே வளர்கிறது என்று கொள்ளலாம். தூசியைத் துணியால் துடைக்காமல் மென்மையான ஓவியத் தூரிகையால் தட்டி நீக்குங்கள்.

ஒன்பதாம் படி: கன்று பிரித்தல்

இலையை மட்டும் வெட்டி நட்டால் செடி வராது. தண்டின் ஒவ்வொரு கணுவிலும் ஓர் உறங்கும் மொட்டு இருக்கிறது. கணு உள்ள தண்டுத் துண்டிலிருந்தே புதுச்செடி எழும். வளரும் நுனி உயிரோடு இருக்கும் வரை பின்னால் உள்ள மொட்டுகள் அடங்கியே இருக்கும். நுனியின் ஆதிக்கம் அறுபட்டால்தான் அவை விழிக்கும்.

இதனால், செடியைப் பிடுங்காமலே பெருக்கும் ஒரு முறை உண்டு, எனக்கு இதுவே மிகவும் பிடித்தது. குறைந்தது எட்டுக் கணுக்களும் நான்கு இலைகளும் கொண்ட செடியை எடுத்துக்கொள்ளுங்கள். சாராயக் கரைசலில் (கிருமி நீக்கும் ஆல்கஹால்) துடைத்த கூர்மையான கத்தியால், தொட்டியில் இருந்தபடியே தண்டை நடுவில் குறுக்காக வெட்டிவிடுங்கள். வெட்டிய இடம் கலவையைத் தொடாதவாறு இரு புறமும் சிறிது விலக்கி, கரித்தூளைத் தடவி உலர விடுங்கள். இரண்டு பாதிக்கும் ஏற்கெனவே வேர் இருப்பதால் எதுவும் வாடாது. முன்பாதி எப்போதும்போல் வளரும். பின்பாதியில் ஆறு முதல் பத்து வாரத்துக்குள் ஒன்றோ இரண்டோ மொட்டுகள் பச்சையாகப் புடைத்தெழும். புதுத்தளிர் இரண்டு இலை விட்டபின் தனித்தொட்டிக்கு மாற்றலாம்.

துண்டுகளாக வெட்டிப் பெருக்க விரும்பினால், ஒரு துண்டுக்கு இரண்டு கணுவாவது விடுங்கள். வெட்டுவாயை ஒரு நாள் நிழலில் உலர்த்தி, பிழிந்த ஸ்பாக்னம் பாசியின் மேல், மொட்டு மேல்நோக்கி இருக்குமாறு கிடத்தி, மூடியுள்ள ஒளிபுகும் பெட்டியில் வையுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை மூடியைத் திறந்து காற்று விடுங்கள். மெலிந்த துண்டு மூன்று மாதம்கூட எடுத்துக்கொள்ளும். தொட்டால் உறுதியாக இருக்கும் வரை நம்பிக்கையோடு காத்திருக்கலாம்.

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது நெல்லுக்கும் காய்கறிக்கும் சொன்ன மொழி. இந்தக் கொலம்பியச் செடிக்கும் அது பொருந்துவதைப் பல ஆண்டுகளாகக் காண்கிறேன். அக்கினி வெயில் அடங்கி, காற்றில் ஈரம் ஏறி, அடைமழைக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கும் அந்தக் காலத்தில் வெட்டினால் காயம் ஆறவும் வேர் பிடிக்கவும் போதிய நாள் கிடைக்கிறது. ஐப்பசியில் கத்தியைத் தொடாதீர்கள்.

நோயும் பூச்சியும்

தண்டழுகலே முதல் பகை. தண்டை வாரம் ஒருமுறை விரலால் அழுத்திப் பாருங்கள்; எங்காவது மென்மையாகப் பட்டால் அன்றே, வெள்ளையான நல்ல சதை தெரியும் வரை வெட்டி அகற்றுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைத்துக்கொள்ள வேண்டும். லிட்டருக்கு இரண்டரைக் கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு கரைசலை வெட்டுவாயில் தடவி, உலர்த்தி, புதிய கலவையில் மீண்டும் கிடத்துங்கள். நட்ட நாளிலிருந்தே கலவையில் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையைச் சேர்த்துவருவது அழுகலை வெகுவாகத் தடுக்கிறது. இலையில் நீர்கோத்தாற்போன்ற புள்ளி தோன்றி மஞ்சள் வளையத்தோடு விரிந்தால் அது பாக்டீரியா நோய். அந்த இலையைக் காம்போடு நீக்கி, மற்றச் செடிகளிலிருந்து தொட்டியைத் தள்ளி வைத்து, இலைமேல் நீர் படுவதை அறவே நிறுத்துங்கள்.

கோடையில் செஞ்சிலந்தியும் இலைப்பேனும் வரும். இலையின் அடிப்புறத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். நுண்ணிய வலையோ வெள்ளிக்கீறலோ தெரிந்தால் அடிப்புறத்தில் மட்டும் நீரை மென்மையாகப் பீய்ச்சிக் கழுவி, ஐந்து நாள் இடைவெளியில் மூன்று முறை பூச்சிக்கொல்லிச் சோப்புக் கரைசல் தெளியுங்கள். வேப்பெண்ணெய் நல்ல மருந்துதான், ஆனால் வெல்வெட்டுப் பரப்பில் கறைபடியும்; பயன்படுத்துவதானால் ஒரு பழைய இலையில் சோதித்துப் பார்த்து, மாலை வேளையில் அடிப்புறத்துக்கு மட்டும் தெளிக்கவும். தண்டுக்கும் உறைக்கும் இடையில் ஒளிந்திருக்கும் மாவுப்பூச்சியைச் சாராயக் கரைசலில் நனைத்த பஞ்சால் துடைத்தெடுக்கலாம். மழை இரவுகளில் நத்தை ஒன்றே ஒன்று வந்தாலும் சுருள் விரியாத இலையை ஓட்டை போட்டுவிடும், அந்த ஓட்டை விரிந்தபின் வரிசையாகப் பெருகித் தெரியும். கைவிளக்கோடு போய்ப் பொறுக்கி அகற்றுவதுதான் வழி.

பத்தாம் படி: நுனி விளிம்பைத் தொடும்போது

இரண்டு மூன்று ஆண்டுகளில் தண்டு தொட்டியைக் கடந்து எதிர் விளிம்பை எட்டும். பின்புறத்தில் இலையற்ற வெறுந்தண்டு ஒரு முழம் நீண்டிருக்கும். நுனி விளிம்புக்கு மூன்று அங்குலம் இருக்கும்போதே முடிவெடுங்கள், ஏனெனில் வெளியே தொங்கிய நுனியின் வேர்கள் காற்றில் காய்ந்து, அடுத்தடுத்த இலைகள் சிறுத்துவிடும். ஆடி மாதமாகப் பார்த்து, இலை உள்ள முன்பகுதியை ஐந்தாறு கணுக்களோடும் அவற்றின் வேர்களோடும் வெட்டி, புதிய கலவை நிரப்பிய மற்றொரு நீளத் தொட்டியின் பின்விளிம்பில் கிடத்துங்கள். பழைய தொட்டியில் மிஞ்சிய வெறுந்தண்டைத் தூக்கி எறிய வேண்டாம். அதை அப்படியே விட்டு, முன்பைவிடக் குறைவாக நீர் கொடுத்து, நிழலில் வைத்திருங்கள். என் பழைய தொட்டியில் அப்படி விட்ட தண்டிலிருந்து, இலையே இல்லாமல் பதினொரு வாரம் கிடந்த பிறகு, ஒரே நேரத்தில் மூன்று இடங்களில் செம்மொட்டு எழுந்தது.